ஸ்காட்லாந்து ஹைலேண்ட் கேம்ஸ்: கார் இல்லாத மாணவர் எதற்குப் போகலாம், அங்கே என்ன பார்க்கலாம்?

புதுவரவு_டன்டீ
எல்லோருக்கும் வணக்கம். இந்த செப்டம்பரில் டன்டீயில் எம்.எஸ்சி. சேர்கிறேன். ஸ்காட்லாந்து ஊர்களில் எடை எறிதல், ஓட்டம், நடனம், இசை எல்லாம் சேர்த்து நடத்தும் ஹைலேண்ட் கேம்ஸ் ஒன்றையாவது காலை முதல் மாலை வரை இருந்து பார்க்க வேண்டும். எங்கே தேடினாலும் பிரேமார் பெயர்தான் வருகிறது. கார் கிடையாது, கையிருப்பும் அளவுதான். எதற்குப் போகலாம்? எப்படிப் போவது? நான் சைவம், சாப்பாட்டுக்கு வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகாற்று
முதலில் காலண்டரைப் பாருங்கள் தம்பி, மற்றதெல்லாம் பிறகு. சீசன் மே மாதம் தொடங்கி செப்டம்பர் நடுவோடு முடிந்துவிடும். பிரேமார் செப்டம்பர் முதல் சனிக்கிழமை. வகுப்புக்கு ஒரு வாரம் முன்னால் வந்து இறங்குகிற எம்.எஸ்சி. மாணவர்கள் பெரும்பாலும் அதைத் தவறவிடுவார்கள். அதன் பிறகு மிஞ்சுவது இரண்டாம் சனிக்கிழமை பிட்லாக்ரி, அதற்கும் பிறகு வடக்கே இன்வர்சாரன், அவ்வளவுதான். அதையும் விட்டால் அடுத்த மே மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் வகுப்புகள் ஏப்ரல், மே வாக்கில் முடிந்து ஆகஸ்ட் வரை ஆய்வேடு எழுதுகிற காலம்தான். சீசனின் உச்சமும் அதே நேரத்தில்தான் வருகிறது. தேதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவது போலத் தெரியும், உண்மையில் கிழமைதான் கணக்கு: சீரிஸ் ஜூன் கடைசி சனி, அபாயின் ஆகஸ்ட் முதல் சனி, பாலட்டர் ஆகஸ்ட் இரண்டாம் வியாழன், லோனக் ஆகஸ்ட் நான்காம் சனி, டனூனில் நடக்கும் கவால் ஆகஸ்ட் கடைசி வியாழன் முதல் சனி வரை. இதை வைத்து இப்போதே நாள் குறித்துவிடலாம். ஆனாலும் கிளம்பும் முன் அந்தந்த கேம்ஸின் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். மைதானத்தில் தண்ணீர் தேங்கினால் கடைசி நேரத்தில்கூட ரத்து செய்வார்கள்.

ரயில்பெட்டி
கார் இல்லாதவருக்கு என் வரிசை இது.

டன்டீயிலிருந்து மிகச் சுலபம் சீரிஸ். எடின்பரோ போகும் ரயிலில் கூப்பரில் இறங்க வேண்டும், அங்கிருந்து ஊர் சுமார் 5 கி.மீ. பஸ் எண்ணிக்கை குறைவு, நடந்தால் ஒரு மணி நேரம். அனுமதி இலவசம். ஊரின் நடுவில் உள்ள போ பட்ஸ் என்ற புல்வெளியில் நடக்கும். அந்தச் சரிவே கேலரி, நாற்காலி கேட்கக்கூடத் தேவையில்லை.

அடுத்து பிட்லாக்ரி. பெர்த்தில் ரயில் மாறினால் போதும், ஊரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. மே கடைசியில் பிளேர் ஆதல் கோட்டையில் நடப்பதும் இதே ரயில் பாதைதான். அங்கே கோட்டைப் பிரபுவின் சொந்தப் படையான ஆதல் ஹைலேண்டர்ஸ் அணிவகுப்பு ஒரு நாள், கேம்ஸ் மறுநாள்.

அபாயின், பாலட்டர், பிரேமார் மூன்றும் டீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. அபர்டீன் வரை ரயில், அங்கிருந்து 201 எண் பஸ். அபாயினுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, பிரேமாருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். வரைபடத்தில் பெர்த்–பிரேமார் சாலை குறுக்குவழி மாதிரி தெரியும், ஏமாறாதீர்கள். அந்த மலைப்பாதையில் வழக்கமான பஸ் கிடையாது.

டனூன் போக கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து கூரக் வரை ரயில், அங்கிருந்து படகு, அரை மணிக்கும் குறைவு. படகை ரயில் நேரத்தோடு ஒத்துத்தான் விடுகிறார்கள். ஆனால் சனிக்கிழமை மாலை இசைக்குழுக்களும் அதே படகில்தான் திரும்பும் என்பதை நினைவில் வையுங்கள்.

22 வயது ஆகாதவர் என்றால் ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் மாணவருக்கு பஸ் பயணம் முழுக்க இலவசம். யங் ஸ்காட் கார்டு வாங்க வேண்டும். உள்ளூர் முகவரி ஆதாரம் கேட்பார்கள், கைக்கு வரவும் நாளாகும். வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். 22 தாண்டியவர் என்றால் ரயிலுக்கு 16–25 ரயில்கார்டு எடுங்கள், மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும்.

கல்லும்வில்லும்
பிரேமாரை இவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். எடை எறிபவர்களில் முதல் வரிசைக்காரர்கள் அங்கே வருவார்கள். முப்படைகளின் கயிறிழுப்பு, மோரோன் மலை மீது ஓட்டம், பல பைப் (பேக்பைப் என்ற துருத்திக் குழல்) இசைக்குழுக்கள் ஒன்றாக மைதானத்தைச் சுற்றுவது, இத்தனையும் ஒரே நாளில் வேறெங்கும் கிடைக்காது. 1848-இல் விக்டோரியா ராணி வந்ததிலிருந்து அரச குடும்பம் வருவது வழக்கமாகிவிட்டது. டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னால் எடுத்துவிட வேண்டும். இருக்கை வேண்டாம் என்றால் பொது அனுமதிதான் மலிவு. காலை ஒன்பதுக்கே போய்க் கயிற்றோரம் இடம்பிடித்தால் குறையே இல்லை.

வடகாற்று
> இத்தனையும் ஒரே நாளில் வேறெங்கும் கிடைக்காது

கிடைக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கும். அதுதான் சிக்கலே. பொது அனுமதியில் நிற்பவருக்கும், கேபர் என்ற நீள மரத்தை எறிந்தால் அது விழும் இடத்துக்கும் நடுவில் மைதானத்தின் பாதி இருக்கும். பிற்பகல் அரச குடும்பத்தின் கார்கள் வரும் நேரம் பார்த்துக் கூட்டம் முழுக்க ஒரு பக்கம் திரும்பும். நிகழ்ச்சி முடிந்தால் அத்தனை வண்டியும் ஊரின் ஒரே சாலையில் இறங்கும், பஸ்ஸும் அதற்குள்தான். பிரேமாரில் தங்குவது என்றால் அந்த வாரம் ஹாஸ்டல் படுக்கை முதலே நிரம்பிவிடும். பிரேமாருக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. முதல் முறை சின்ன ஊரில் பார்த்தால்தான் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடும். அதன் பிறகு பிரேமார் போனால் காசு வீணாகாது.

புதுவரவு_டன்டீ
நன்றி அண்ணா. அந்த மரம் எறிவதில் அதிக தூரம் எறிந்தவர்தானே ஜெயிப்பார்? ஒரு வீடியோவில் தூரமாகப் போன மரத்துக்குக் கைதட்டலே இல்லை.

தராசுக்கல்
தூரத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. கேபரில் பார்ப்பது நேர்க்கோடு மட்டும்.

மரம் பெரும்பாலும் லார்ச் அல்லது பைன். நீளம் 16 முதல் 20 அடி, எடை சுமார் 40 முதல் 70 கிலோ. ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கும். உதவியாளர்கள் சிறு முனை தரையில் இருக்கும்படி மரத்தை நிமிர்த்தி வீரரின் தோளில் சாய்த்துக் கொடுப்பார்கள். வீரர் விரல்களைக் கோத்து, குனிந்து, உள்ளங்கைகளை மரத்தின் இருபுறமும் அழுத்திக் கீழே இறக்கி, ஒரு வெட்டில் தூக்கி அடிமுனையைக் கைக்குள் வாங்குவார். பாதிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். தூக்கும்போதே மேல்முனை ஆடத் தொடங்கினால் பிறகு மரம் போகும் பக்கமெல்லாம் அவர் ஓட வேண்டியதுதான்.

நிலை கிடைத்ததும் நேராக ஓடுவார். மரம் மெல்ல முன்பக்கம் சாயும். சட்டென்று நின்று இரண்டு கையாலும் அடிமுனையை மேலே இழுத்துவிடுவார். பருத்த முனை தரையில் குத்த, அவர் கையில் இருந்த சிறு முனை மேலே எழும்பிச் செங்குத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழ வேண்டும். விழுந்த மரத்தைக் கடிகார முள்ளாக வைத்துக்கொள்ளுங்கள். வீரர் ஓடிவந்த திசை ஆறு மணி. சிறு முனை நேரே 12-ஐக் காட்டினால் முழுமையான எறி. 11:30-உம் 12:30-உம் ஒரே மதிப்பு. 11-ஐவிட 11:30 மேல். நடுவர் வீரருக்குப் பின்னாலேயே ஓடிவருவது இந்தக் கோட்டைப் பார்க்கத்தான்.

செங்குத்தைத் தாண்டாமல் மரம் வீரர் பக்கமே திரும்பி விழுந்தால் அது புரளாத எறி. பக்கவாட்டில் நிற்கும் நடுவர் எத்தனை பாகை எழுந்தது என்று சொல்வார். 85 பாகை வரை எழுந்தாலும், கோணலாகப் புரண்ட எறிக்குக் கீழேதான் அது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு.

புரளாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். மரம் போதுமான அளவு முன்னால் சாயும் முன்பே இழுத்துவிடுவார்கள். ரொம்பச் சாய்ந்த பிறகு இழுத்தாலும் சுழற்ற உயரம் இருக்காது. ஒரு கை முந்தினால் மரம் இரண்டு மணிக்கோ பத்து மணிக்கோ போகும். மழை நாளில் மரத்தோல் உரித்த இடம் வழுக்கும், பிடியே நிற்காது.

நீங்கள் பார்த்த வீடியோவில் மரம் தூரம் போய்க் கோணலாக விழுந்திருக்கும். கைதட்டல் ஏன் வரும்?

இன்னொன்று. யாராலும் புரட்ட முடியாத மரம் வந்தால் நடுவர்கள் அதன் முனையில் ஒரு துண்டை அறுத்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். ரம்பம் வெளியே வந்தால் எழுந்து நின்று பாருங்கள்.

கல்லும்வில்லும்
நல்ல விளக்கம். மற்ற எடை எறிகளையும் சொல்லிவிடுங்கள்.

தராசுக்கல்
சுருக்கமாகச் சொல்கிறேன். எடைகள் பழைய சந்தை நிறைகள்: 28 பவுண்டு (12.7 கிலோ), 56 பவுண்டு (25.4 கிலோ). வளையத்தோடு சேர்த்துப் பிடி வரை 18 அங்குலம். தூர எறியில் 9 அடி இடத்துக்குள் ஒற்றைக் கையால் சுழன்று விட வேண்டும். முன்னால் கிடக்கும் மரக்கட்டையைத் தாண்டிக் கால் வைத்தால் எறி செல்லாது.

56 பவுண்டை உயரத்துக்கு எறிவதில் குறுக்குக் கம்பிக்கு முதுகு காட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒற்றைக் கையால் வீசித் தலைக்கு மேலே விடுவார்கள். ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று முயற்சி. எடை நேராகத் திரும்பித் தலையில் இறங்கும் ஆபத்து உண்டு, அதனால் விட்ட கையோடு முன்னால் நகர்ந்துவிடுவார்கள்.

சுத்தியல் 16, 22 பவுண்டு. ஒலிம்பிக் சுத்தியல் போலக் கம்பி கிடையாது, விறைப்பான தடி. உடம்பையும் சுழற்றக்கூடாது. களத்துக்கு முதுகு காட்டி, ஊன்றிய கால் அசையாமல், தலையைச் சுற்றிச் சுழற்றி விட வேண்டும். ஷூவின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தகட்டைக் கவனியுங்கள். அதை மண்ணுக்குள் குத்தி நிறுத்தித்தான் எறிகிறார்கள். அது இல்லாவிட்டால் எறிபவரையே சுத்தியல் இழுத்துக்கொண்டு போய்விடும். கூண்டுக்குள் நின்று எறிந்தாலும் சுத்தியல் விழும் பக்கத்துக் கயிற்றோரம் படம் எடுக்க நிற்காதீர்கள்.

பிரேமார் கல் என்று ஒன்று உண்டு, 28 பவுண்டு குண்டெறி. ஓட்டமும் சறுக்கலும் இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே தள்ள வேண்டும். வைக்கோல் கட்டைக் கவையால் குத்தி எறியும் போட்டியை எல்லா ஊரிலும் எதிர்பார்க்காதீர்கள். ஸ்காட்லாந்தைவிட அமெரிக்க கேம்ஸில்தான் அது அதிகம்.

புல்தடம்
ஓட்டப் பந்தயத்தை யாரும் சொல்லவில்லையே. புதிதாகப் பார்ப்பவர் குழம்புவது அங்கேதான். ஓடுபவர்கள் ஒரே கோட்டிலிருந்து கிளம்ப மாட்டார்கள். பழைய நேரங்களைப் பார்த்து ஆளுக்கு இத்தனை மீட்டர் சலுகை என்று கொடுத்திருப்பார்கள். மெதுவாக ஓடுபவர் முன்னால் நிற்பார், மிக வேகமானவர் கடைசிக் கோட்டில். முதலில் கயிற்றைத் தொட்டவருக்குத்தான் பரிசு. அதனால் கடைசி 20 மீட்டரில் எல்லோரும் ஒரு கட்டாக வந்து சேர்ந்தால் சலுகை சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒருவர் தனியாக ஜெயித்தால் பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் முணுமுணுப்பதைக் கேட்கலாம். அவர் தன் வேகத்தை முன்னமே மறைத்து வைத்திருந்தார் என்ற சந்தேகம்தான். பரிசு ரொக்கமாயிற்றே.

தடம் புல்தான், சில ஊரில் சரிவாகவே இருக்கும். சைக்கிள் பந்தயமும் அதே புல்லில் நடக்கும், பிரேக் இல்லாத ஒற்றை கியர் வண்டிகள். வளைவுக்கு வெளிப்பக்கம் உட்காராதீர்கள், சறுக்கினால் உங்கள் மடியில்தான் வந்து விழுவார்கள்.

சதங்கை
நடனத்தையும் பைப்பையும் நான் சொல்கிறேன். ஆண்கள் எடை எறிவதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புபவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

மர மேடையில் காலை முதலே போட்டி நடக்கும். வயதுவாரியாக மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடுவார்கள், ஆனால் அது குழு நடனம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி மதிப்பெண். ஹைலேண்ட் ஃப்ளிங் ஆடும்போது நின்ற இடத்தை விட்டு நகரவே கூடாது. ஒற்றைக் காலின் விரல் நுனியில் குதித்துக்கொண்டே மறுகால் கெண்டைக்காலின் முன்னும் பின்னும் போய்வரும். ஆடி முடிக்கும்போது தொடங்கிய இடத்திலேயே நிற்கிறாரா என்று பாருங்கள்.

வாள் நடனத்தில் இரண்டு வாள்களைக் குறுக்காக வைத்து நான்கு கட்டங்களுக்குள் ஆடுவார்கள். மெதுவான அடிகள் முடிந்ததும் ஆடுபவர் ஒருமுறை கைதட்டுவார், பைப்பர் உடனே வேகம் கூட்டுவார். கால் வாளில் பட்டால் மதிப்பெண் போகும், வாள் இடம் நகர்ந்தால் போட்டியே போயிற்று. சின்னப் பிள்ளைகள் அப்போதும் முகம் மாறாமல் ஆடி முடித்து வணங்கிவிட்டுத்தான் இறங்குவார்கள். உலக ஹைலேண்ட் நடனப் போட்டி நடக்கும் இடம் டனூன். நடனம்தான் முக்கியம் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

தனி பைப் போட்டி மைதானத்தின் ஒதுக்குப்புறத்தில் நடக்கும். யாரோ பயிற்சி செய்கிறார் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். மேசை போட்டு நடுவர் உட்கார்ந்திருந்தால் அது போட்டி. பீபரக் என்ற பெரிய வகை இசை பத்துப் பதினைந்து நிமிடம் போகும். முதலில் ஒரு மெட்டு, பிறகு அதே மெட்டின் மேல் அடுக்கடுக்காக அலங்காரம், கடைசியில் மறுபடி முதல் மெட்டு. பைப்பர் ரொம்ப மெதுவாக அடியெடுத்து நடப்பார். நடுவில் கைதட்டாதீர்கள், குறுக்கேயும் நடக்காதீர்கள்.

புதுவரவு_டன்டீ
அருமை அக்கா. சாப்பாடும் மழையும்?

சதங்கை
சைவத்துக்கு மாக்கரோனி பை பார்க்கலாம், சீஸ் மாக்கரோனியைப் பை மாவில் அடைத்தது. ஹாகிஸ் ஆட்டு உள்ளுறுப்புகளில் செய்வது, அதன் சைவ வகையும் பல கடைகளில் உண்டு, ஆனால் கேட்டு வாங்குங்கள். சிப்ஸ்தானே என்று வாங்கிவிடாதீர்கள். சில வண்டிகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். எந்த எண்ணெய் என்று கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்கள். ஸ்டோவீஸ் உருளைக்கிழங்கு மசியல் போலத் தெரியும், அதில் இறைச்சி உண்டு. டாப்லெட் என்ற இனிப்பு வெறும் சர்க்கரை, வெண்ணெய், கண்டென்ஸ்டு மில்க். ஒரு துண்டே போதும், அவ்வளவு தித்திப்பு. சின்ன ஊர்களில் வாசலில் கார்டு மிஷின் சிக்னல் இல்லாமல் படுத்துவிடும், சில்லறைப் பவுண்டுகளைக் கையில் வைத்திருங்கள்.

வடகாற்று
மழைக்குக் குடை வேண்டாம். பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், காற்றுக்கும் நிற்காது. தலைமூடி வைத்த மழைச்சட்டை, தண்ணீர் புகாத ஷூ, உட்கார ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. ஆகஸ்டிலும் 12 டிகிரிக்கு இறங்கும் நாள் உண்டு. வெயில் வந்தால் ஒரு மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும், சன்ஸ்கிரீனும் பையில் இருக்கட்டும்.

மிட்ஜ் என்ற பொடிக்கொசு காற்று நின்ற மாலையில் மொய்க்கும், மேற்குப் பக்கம் அதிகம். காற்று வீசினால் காணாமல் போய்விடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது உண்ணி. உயரமான புல்லிலும் பெரணியிலும் உட்கார்ந்தால் அன்றிரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் தேடிப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. பின்னால் வட்டமாகச் சிவந்தால் டாக்டரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

ஓலைச்சுவடி
ஒரு சின்ன சந்தேகம். இதெல்லாம் ஆயிரம் வருடப் பழமை என்கிறார்கள். விக்டோரியா காலத்தில் சுற்றுலாவுக்காக ஜோடித்தது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

கல்லும்வில்லும்
இரண்டிலும் பாதி. சீரிஸ்காரர்கள் 1314 பானக்பர்ன் போரிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்காகத் தொடங்கியது என்பார்கள். பிரேமாரில் 11-ஆம் நூற்றாண்டு அரசன் மால்கம், அஞ்சலோட ஆள் தேடி மலையேறும் பந்தயம் வைத்ததாகக் கதை. இரண்டும் ஊர் மரபு. கல் தள்ளுவதும் சுத்தியல் வீசுவதும் பட்டறையிலும் வயலிலும் பழைய பழக்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நுழைவுக் கட்டணம், பரிசுப் பட்டியல், கில்ட் (ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை) கட்டாயம், தலைவர் திறந்து வைப்பது என்ற இன்றைய வடிவம் 19-ஆம் நூற்றாண்டினுடையது. 1746-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தில் கில்ட் உடுத்துவதே குற்றமாக இருந்தது, 1782-இல்தான் நீக்கினார்கள். அதன் பிறகு சங்கங்கள் தோன்றின, ராணி வந்தார், ரயில் வந்தது, கூட்டமும் வந்தது.

புதுவரவு_டன்டீ
பார்வையாளர்களும் கலந்துகொள்ளலாமா?

புல்தடம்
சின்ன ஊர்களில் வெளியூர்க்காரர் ஓட்டம், கயிறிழுப்பு என்று அன்றைக்கே பெயர் கொடுக்கும் பிரிவுகள் இருக்கும். செயலர் கூடாரத்தில் கேளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யக் கூடாது என்று நிபந்தனை உண்டு. சும்மா ஒருநாள் சாக்கு ஓட்டத்துக்கு அது பொருந்தாது. ஊர் ஊராகப் பரிசுப் பணத்துக்கு ஓடும் எண்ணம் இருந்தால் முதலில் பல்கலைக்கழக விசா ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். கேபரைத் தூக்கிப் பார்க்கும் ஆசையைப் பயிற்சி முகாம்களில் தீர்த்துக்கொள்ளலாம். மைதானத்தில் கிடக்கும் மரத்தைத் தொடக்கூடாது.

தராசுக்கல்
அபாயின் போவதாக இருந்தால் பொட்டார்க் பாலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டின்னி கற்கள் அங்கேதான் இருக்கின்றன. நம்ம ஊர் இளவட்டக்கல் மாதிரி, ஆனால் ஜோடி. இரும்பு வளையம் பொருத்திய இரண்டு கற்கள், ஒன்று சுமார் 188 கிலோ, மற்றது 144 கிலோ சொச்சம், சேர்த்து 733 பவுண்டு. டொனால்ட் டின்னி (1837–1916) 1860-இல் இரண்டையும் கைக்கொன்றாகப் பிடித்துப் பாலத்தின் அகலத்தைக் கடந்தார் என்பது வரலாறு. பஸ் போகும் பெரிய சாலையிலிருந்து ஒதுங்கிய இடம், அதனால் இறங்கி நடக்க நேரம் ஒதுக்குங்கள். தூக்க முயல்வது முன்னேற்பாடு செய்தவர்களுக்கு மட்டும். எடை சமமில்லாததால் கனமான கல்லின் பக்கம் இடுப்பு திருகிக்கொள்ளும். பழகாதவர் அதைத் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்துவது நல்லது.

புதுவரவு_டன்டீ
அப்படியென்றால் ஜூனில் சீரிஸ், ஆகஸ்டில் அபாயின். சரியாக இருக்குமா?

ரயில்பெட்டி
சரி. அபாயினுக்கு டன்டீயிலிருந்து காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்தால்தான் தொடக்கத்துக்குப் போய்ச் சேரலாம். மாலை கடைசி 201-ஐ நம்பாமல் அதற்கு முந்தையதில் ஏறிவிடுங்கள். கூட்ட நாளில் அது நிரம்பியே வரும், அபர்டீனில் டன்டீ ரயிலையும் பிடிக்க வேண்டும். ரயில் டிக்கெட்டை வாங்கும்போது நேரம் கட்டுப்படுத்தாத டிக்கெட்டாக வாங்குங்கள். மலிவான முன்பதிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், பஸ் அரை மணி தாமதமானால் புது டிக்கெட் எடுக்க வேண்டிவரும்.